நம்பிக்கை வரவில்லை என்னும் பிள்ளை



கடவுள் இல்லை என்பவர் நாத்திகர். உண்டா இல்லையா என்று அறிய இயலாது என்பவர் வேறு. அந்நிலைக்கென 1869-இல் ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை உருவாக்கினார். இருவரையும் 'கெட்டுப்போனவர்கள்' என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நம் வீட்டு மகனோ மகளோ, "எனக்கு நம்பிக்கை வரவில்லை, பூசைக்கு வரமாட்டேன்" என்றால்? அதட்டி வாயடைக்கலாமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் இறைமறுப்பை ஏற்க மறுத்தது. ஆயினும், அது தோன்றுவதில் நம்பிக்கை கொண்டோருக்கும் பங்குண்டு என்றது. தவறான போதனையும் பொருந்தா வாழ்வும் இறைவனின் முகத்தை மறைத்துவிடுகின்றன.

மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், துன்புற்ற சிறுவனின் தந்தை தம் நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் ஒரே மூச்சில் இயேசுவிடம் சொல்கிறார். இயேசு அவரைத் துரத்தவில்லை, மகனை நலமாக்கினார்.

இவ்வாரம் அப்பிள்ளையின் அருகில் அமர்வோம். குறுக்கிடாமல் செவிகொடுப்போம். நம் வாழ்வில் இறைவனின் முகம் அப்பிள்ளைக்குத் தெரிகிறதா என்று நம்மையே ஆய்ந்தறிவோம். ஆமென்.