போலி நகையின் கதை



போலி நகை என்றதும் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பதுண்டு. பொன் இல்லாதவள் உள்ளவள்போல் நடிப்பதற்கே அது தோன்றியதென எண்ணுகின்றோம். தொடக்கத்தில் அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. 1732இல் மறைந்த இலண்டன் மணிக்கூட்டு வினைஞர் கிறிஸ்தோபர் பிஞ்ச்பெக், செம்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துருக்கிப் பொன்னிறமான உலோகமொன்றை ஆக்கினார். பாவம், அவருடைய பெயரே பின்னர் ஆங்கிலத்தில் 'போலி' என்று பொருள்படும் சொல்லாயிற்று! ஆனால் பாரிசிலே ஸ்திராஸ் என்பவர் ஈயங் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம்போல் ஒளிரச் செய்தபொழுது, அவற்றை விரும்பி அணிந்தோர் செல்வச் சீமாட்டிகளே. 1734இல் அவர் பிரெஞ்சு மன்னரின் ஆபரண வினைஞராகவும் நியமிக்கப்பட்டார். ஆகவே இது ஏழையின் ஏமாற்று என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

இவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது பேர்லின் நகரத்து இரும்பு நகையே. 1813இல் பிரசிய நாடு நெப்போலியனை எதிர்த்து எழுந்தது; போருக்குப் பணமில்லை. அரச குடும்பத்து மரியான் இளவரசி, பொன் நகைகளை நாட்டுக்கு ஈயுமாறு பெண்களை வேண்டினார். கொடுத்தவர்களுக்குக் கைம்மாறாக இரும்பு நகை கிடைத்தது. பொன்னைக் கொடுத்து இரும்பைப் பெற்றேன் என்னும் பொருள்படும் வாசகம் பொறித்த மோதிரங்களும் அவற்றுள் உண்டு. மண் அச்சிலே வார்த்து, கருமை பூசி, சரிகைப் பின்னல்போல் நுணுக்கமாகச் செய்த நகைகள் அவை. அங்கே இரும்பு அணிந்தவள் பொன் இல்லாதவள் அல்லள், பொன்னைக் கொடுத்தவள். இரும்பென்று எல்லோருக்குந் தெரியும், தெரிவதிலேதான் பெருமை.

ஒளித்து அணிந்தால் போலி; அறிய அணிந்தால் அது தன் பெயரிலேயே ஒரு நகை. 1920ஆம் ஆண்டுகளில் பாரிசின் கொக்கோ சனெல் அம்மையார் மெய்முத்தையும் பொய்முத்தையும் கலந்து, மறைவின்றி அணிந்தார். 1953இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பதவியேற்ற விருந்துக்கு அவருடைய மனைவியார் போலி முத்துமாலையோடு வந்தார். அவருக்கு மெய்முத்து வாங்க வகையில்லை என்று எவரும் சொல்லார்.

நம்மவரிலோ, காணியை ஈடுவைத்து மகளுக்கு நகை செய்யுந் தந்தையர் உளர். மணவறையில் ஒருநாள் மின்னிய அந்நகை, மறுமாதமே அடகுகடைக்குப் போவதும் உண்டு. மணப்பெண்ணின் கழுத்திலே கண்ணாடிக் கல் பதித்த அட்டியலைக் கண்டால் சபையிலே எழும் முணுமுணுப்புக்கு அஞ்சியல்லவா இவ்வளவும்? அந்த முணுமுணுப்பை எழுப்புவோர் நாமே. மணமகன் வீட்டாராகப் போகின்றவர்களும் நாமே.

பெரியோர்கள் கோபிக்க வேண்டாம். தாலிக்கொடியைப்பற்றி நாம் பேசவில்லை. அட்டியலையும் காப்பையும்பற்றியே பேசுகின்றோம்.