துறைமுகம் வளரட்டும், நிலம் உரியவர்க்கே இருக்கட்டும்!



இலங்கைத்துறை முகத்துவாரம் முதல் சம்பூர் வரை கடலையும் வயலையும் நம்பி வாழும் எம் மக்களிடம், திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிச் சில கூற விரும்புகிறோம்.

பெருங்கப்பல்களும் அஞ்சாது புகத்தக்க ஆழமுடைய இத்துறையை இயற்கை அன்னை எமக்கு அளித்தாள். ஆனால் அதன் பயனை நுகர்ந்தவர் யார்? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். ஆங்கிலேயர் தம் கடற்படைக்காகச் சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களைக் கட்டினர். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு பொழிந்ததும் அத்தளத்தின் பொருட்டே. 1957இல் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது.

2022 ஜனவரியில் அங்குள்ள 99 குதங்கள் பங்கிடப்பட்டன: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டின் கூட்டுக் கம்பனிக்கு 61. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் இங்கே எரிசக்தி மையம் அமைக்க உடன்பட்டன. நன்று! ஆனால் இப்பங்கீட்டில் இம்மண்ணின் மக்களுக்குரிய பங்கு எது?

சம்பூரை நினைவுகூருங்கள். 2006இல் போர் அம்மக்களை விரட்டியது. மறு ஆண்டே அவர்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் 818 ஏக்கர் நிலம் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. உரியவர்களோ அகதி முகாம்களில் வாடினர். 2015 மே மாதத்தில் அவ்வொதுக்கீடு இரத்தாகிய பின்னரே அந்நிலத்துக்கு மக்கள் திரும்ப வழி பிறந்தது. 500 மெகாவாட் அனல் மின்நிலையத் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. தொழிற்சாலையும் எழவில்லை, இழந்த ஆண்டுகளும் மீளவில்லை!

நாம் தொழில் வளர்ச்சிக்குப் பகைவர் அல்லர். கட்டுநாயக்காவில் 1978இல் தோன்றிய சுதந்திர வர்த்தக வலயம் பல்லாயிரம் இளம்பெண்களுக்கு வேலை தந்ததை மறுக்கவில்லை. அவர்கள் நெருக்கடியான வாடகை அறைகளில் வாழ்ந்து உழைத்ததையும் மறக்கவில்லை. கூலி மட்டும் வாழ்வாகாது.

ஆகவே நாம் கேட்பன மூன்று. நிலவுரிமை தீர்க்கப்பட்ட பின்னரே வலயத்தின் எல்லை வரையப்படட்டும். மீனவரின் கரைவலைப்பாடுகளும் படகுத்துறைகளும் காக்கப்படட்டும். இம்மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர் அனைவர்க்கும் தொழிற்பயிற்சியும் வேலையில் முன்னுரிமையும் சட்டத்தால் உறுதியாகட்டும்.

கப்பல் வரும், போகும். கரையில் நிலைத்து வாழ்வோர் நாமே. எம்மைக் கேளாது எம் கரையின் விதியை எவரும் எழுத இடந்தரோம்!