தட்டைப் போடுங்க, பார்க்கலாம்!

காது கேட்கும் கருவி வாங்கின ஒரு பெரியவர். ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அறையில உட்கார்ந்திருக்கிற வரைக்கும் எல்லாம் பிரமாதமா கேட்டுச்சு. வீட்டுக்கு வந்தா, எவர்சில்வர் தட்டு விழற சத்தம் மண்டையைப் பிளக்குது. பேத்தி பேசுறது மட்டும் புரியல. ஆடியாலஜிஸ்டோடது சத்தம் புகாத அறை. வீடு அப்படியா?

அதனால இப்போ சில கருவிகளைத் தூரத்துல இருந்தே சரிபண்றாங்க. கருவி புளூடூத் வழியா செல்போனோட சேரும். ஆடியாலஜிஸ்ட் தன் கணினியில இருந்தே கீச்சு ஒலியைக் கொஞ்சம் குறைச்சுட்டு, "இப்போ தட்டைப் போடுங்க, பார்க்கலாம்"னு வீடியோவுல கேட்பார். அடுக்களையே பரிசோதனைக்கூடம்!

அறுவை சிகிச்சை செஞ்சு உள்காதுல பொருத்துற காக்ளியர் இம்பிளான்ட் ஒண்ணையே இப்படிச் சரிசெய்ய 2017-ல அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க. 12 வயசு ஆகி, ஆறு மாசமாவது அதோட பழகினவங்களுக்கு. 2020-ல கொரோனா வந்ததும், தயங்கின நிபுணர்கள் பலரும் இதுல இறங்க வேண்டியதாப் போச்சு.

இறங்கினாலும் மனசுல ஒரு குறை. காதுக்குள்ள விளக்கடிச்சுப் பார்க்க முடியலையே! கருவி வாய்ல குறும்பி அடைச்சிருந்தா, எந்தச் செயலி அதைத் தோண்டி எடுக்கும்? இன்னொரு வேடிக்கை, காது மந்தமானவருக்குத்தான் வீடியோவுல விளக்கணும். இணையம் திக்கினா உதட்டசைவும் தெரியாது. "முதல் தடவை நேர்ல வாங்க, அப்புறம் போன்ல பார்த்துக்கலாம்"னு சொல்றவங்க உண்டு.

அப்பவும் போனைப் பிடிச்சுக்க அந்தப் பேத்தி பக்கத்துல இருக்கணும்!