பாலோவில் வடக்கு ஜன்னல்

ஓவியம் கற்றுத்தரும் ஐரோப்பியப் புத்தகங்களில் ஸ்டூடியோ பற்றிய பகுதிக்கு வந்தால் ஓர் ஆலோசனை பெரும்பாலும் இருக்கும்: வடக்குப் பார்த்த ஜன்னலுள்ள அறையாகப் பிடி. லண்டனுக்கும் பாரிசுக்கும் அது சரிதான். அங்கே நடுப்பகலில் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில் நிற்கும். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அநேகமாக அடிக்காது. காலையில் கலந்த நிறம் பிற்பகலிலும் ஏறக்குறைய அதே நிறமாகத் தெரியும்.

இதை நம்பி நம் ஜொகூரின் பாலோ பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுக்கிற இளம் ஓவியர் ஏப்ரல் மாதம் திருதிருவென்று விழிப்பார். பாலோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 2 பாகை சொச்சத்தில் இருக்கிற ஊர். மார்ச் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் செப்டம்பர் நடுப்பகுதிவரை வடக்கே சாய்ந்துதான் போகிறது. ஆக, பாதி வருடம் வடக்கு ஜன்னலில் வெயில், மீதி வருடம் தெற்கு ஜன்னலில் வெயில். இங்கே படம் வரைகிறவர் வருடத்துக்கு இரண்டு முறை ஈசலைத் திருப்பிப் போட்டாக வேண்டும். முடியாவிட்டால் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டலாம். வெளிச்சம் வடிகட்டி வரும்.

கடிகாரமும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். 1982 முதல் மலேசியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஆனதால், ஜொகூரில் 7 மணி வாக்கில்தான் விடிகிறது. உச்சிப்பொழுது மதியம் 1 மணி வாக்கில். பசியாறிவிட்டு 8 மணிக்குத் தூரிகை எடுத்தால் 11 மணிவரை நல்ல வெளிச்சம். அதற்குப் பிறகு நிழல்கள் சுருங்கி, எல்லாம் தட்டையாகிவிடும். பிற்பகலில் பல நாள் வானம் கறுத்து இடி மழை. அந்த நேரத்தில் தோல் நிறம் கலக்க உட்கார்ந்தால், மறுநாள் காலை அந்த முகம் பச்சையாகத் தெரியும்! மழை நேரம் சட்டத்தில் கேன்வாஸ் இழுத்துக் கட்ட, அடிப்பூச்சு பூச, தூரிகை கழுவ, பென்சிலில் கோட்டுப் படம் போட. ஓவியரின் நாளில் பாதி இப்படித்தான் போகும். ‘உள்ளுணர்வு’ என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது எஞ்சிய பாதியில் எப்போதாவது வரும்.

வெளிச்சம் மட்டுமல்ல, வண்ணம் காய்வதையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சுகளில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப் போகக் கூடலாம். மாற்றிச் செய்தால் மேல்தோல் முதலில் இறுகி, பின்னால் வெடிக்கும். ‘அம்பர்’ என்கிற மண்பழுப்பு சீக்கிரம் காயும். ‘அலிசரின்’ சிவப்புக்கு நாள் பிடிக்கும். நவம்பர், டிசம்பர் பருவமழையில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்ளும். சுவரோடு சாத்தி வைத்த கேன்வாஸின் முதுகில் பூஞ்சணம் பூக்கும். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மறுபடியும் வெளிச்சத்துக்கு வருவோம். அதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், அதற்கு ஓவியர் இளையராஜாவைத்தான் காட்டுவேன். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் 1979-இல் பிறந்தவர். கும்பகோணம் ஓவியக் கல்லூரி மாணவர். ஆனந்த விகடனில் அவர் படங்களைப் பார்த்து, புகைப்படம் என்றே நினைத்தவர்கள் உண்டு. 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. நாற்பதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை. அவர் படத்தில் ஒரு பெண் பழைய வீட்டின் கதவோரம் நிற்பாள். ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னம் நிழலில். கரிய தோலை ஒரே பழுப்பில் பூசிவிட மாட்டார். வெயில் பட்ட இடம் செம்மை ஏறியிருக்கும். நிழல் பட்ட இடம் குளிர்ந்திருக்கும். அந்த வீட்டுக்குள் எந்நேரம் எங்கிருந்து வெயில் நுழையும் என்று தெரிந்தவர் போட்ட படம் அது.

நம் மலேசியத் தோட்டங்களிலும் அப்படி ஒரு வெளிச்சம் இருக்கிறது. செம்பனை மரத்தடியில் வெளிச்சம் பச்சையாக, மங்கலாக நிற்கும். ரப்பர் மரத்தடியில் துண்டு துண்டாக விழும். வருடத் தொடக்கத்தில் இலை உதிர்ந்தால் தரை முழுக்க வெயில், பிறகு செம்புநிறத் தளிர். இந்த வித்தியாசத்தைக் கேன்வாஸில் கொண்டுவந்தவர்கள் இன்னும் போதவில்லை என்பது என் ஆதங்கம். சிங்கப்பூர் ஓவியர் லியூ காங் சிறுவயதில் நம் மூவாரில் இருந்தவர். ஷாங்காய், பாரிஸ் எல்லாம் படித்து வந்து, 1952-இல் மூன்று நண்பர்களோடு பாலித் தீவுக்குப் போனார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த படங்கள்தான் சிங்கப்பூர், மலாயா சீன ஓவியர்கள் வளர்த்த நன்யாங் பாணிக்குப் பெயர் வாங்கித் தந்தன. மூவார்க்காரருக்கு வெப்பமண்டலம் பாலியில்தான் கண்ணில் பட்டது, பாருங்கள்.

சரி, வயிற்றுப்பாடு? சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் சொந்தமாக நிலம் வாங்கினார்கள். பினாங்கு ஓவியர் சுவா தியன் தெங் பாத்திக் துணிக்குரிய மெழுகையும் சாயத்தையும் கொண்டு 1950-களில் பாத்திக்கையே ஓவியமாக்கினார். இன்று நம் இளைஞர்களுக்குக் கடைச் சுவர், கல்யாண மேடை, பள்ளிச் சுவர் ஓவியம் என்று ஏதாவது வந்துகொண்டிருக்கிறது. வருகிற வேலையை விட வேண்டாம். ஆனால் 8 முதல் 11 மணியைப் பணம் கொடுப்பவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கல்யாண மேடைப் பலகையை மழை நேரத்தில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு முடிக்கலாம்.