படைவீரர் குடும்பங்களின் உரிமை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)

  

பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் நம் தாமிரபரணியின் இரு கரைகளிலும், பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய கிராமங்கள் பல உண்டு. அப்பிள்ளைகள் சேவை முடித்துத் திரும்பிய பின்பும், திரும்பாமலே போய்விட்ட பின்பும், அவர்தம் குடும்பத்துக்குச் சர்க்கார் செய்யக் கடமைப்பட்டவை யாவை, அவை சில வீடுகளை ஏன் எட்டாமற் போகின்றன என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

ஊர் காத்து உயிர் நீத்தவனுக்கு நடுகல் நாட்டியதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. அவன் குடும்பம் உழுதுண்ண நிலமும் விட்டனர். சாசனங்களில் அந்நிலத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் பெயர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாக விட்ட நிலம் என்பது பொருள். அதனை யாசகம் என்று எவர் சொல்லுவார்? இந்நாளைய உபகாரச் சம்பளமும் அத்தகையதே. உபகாரம் என்ற சொல் நம்மை மயக்கிவிடலாகாது. அது தயவினால் இடுவதன்று. உழைத்தவனுக்கு நிற்கும் கடன்.

முதலாவது, பென்ஷன். சிப்பாய் முதலிய பதவியினர் 15 வருஷம் பணி புரிந்திருந்தால் ஆயுள் பரியந்தம் பென்ஷன் உண்டு. 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' என்னும் ஏற்பாடு 2015 நவம்பர் 7-ல் உத்தரவாகி, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு அளிக்கப்பெற்றது. கணவர் காலமானால் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30. பணியின் காரணமாக மரணம் நேர்ந்திருப்பின் 60. பகைவரோடு பொருது மாண்டிருப்பின் அச்சம்பளம் முழுவதுமே. சம்பாதிக்க இயலாத அங்கவீனமுற்ற பிள்ளைக்கு, பெற்றோர் காலத்துக்குப் பிறகு, ஆயுள் முழுவதும் இது கிடைக்கும்.

இரண்டாவது, வைத்தியம். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். என்னும் திட்டத்தில், பென்ஷன் பெறும் வீரர் ஒரு முறை சந்தா செலுத்திச் சேர்ந்தால் அவருக்கும் குடும்பத்தார்க்கும் சிகிச்சை உண்டு. திருநெல்வேலியிலேயே அதன் பாலிகிளினிக் இருக்கிறது.

மூன்றாவது, கல்வி. பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 60 மார்க்கு வாங்கி, பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்படிப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பிரதம மந்திரி உபகாரத் தொகை உண்டு. 2019 முதல் இது மாதம் பெண்களுக்கு 3,000 ரூபாய், ஆண்களுக்கு 2,500 ரூபாய். வருஷந்தோறும் இத்தனை பேருக்கு என்று வரம்பு இருப்பதால், காலத்தில் மனுச் செய்தல் அவசியம்.

நான்காவதாகச் சொல்வதை மிகவும் கவனிக்க வேண்டுகிறேன். பென்ஷனுக்குரிய காலம் நிரம்புமுன் விலகியவர்கள், 'நமக்கு ஒன்றுமில்லை' என்று இருந்துவிடுகிறார்கள். அது தவறு. ஹவில்தார் பதவி வரையில் இருந்து, பென்ஷனும் வேறு நிலையான வரும்படியும் இல்லாமல், 65 வயது கடந்த வீரர்க்கும் விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு மாத உதவி தருகிறது. 4,000 ரூபாயாயிருந்த அவ்வுதவி, 2025 நவம்பர் 1 முதல் 8,000 ரூபாயாக உயர்ந்தது.

இவ்வளவும் இருந்தும் குடும்பங்கள் வாடுவானேன்? பெரும்பாலும் காகிதக் குறையினாலேயே. பணியிலிருக்கும்போது விவாகத்தையும் குழந்தை பிறப்பையும் 'பார்ட் டூ ஆர்டர்' வாயிலாகப் பதிவு செய்தல் வேண்டும். அதைச் செய்யாதவர் மறைந்தபின், மனைவியே தாம் மனைவி என்று ருசுப்படுத்த வேண்டியவராகிறார். பட்டாளத்துத் தஸ்தாவேஜில் 'பேச்சி', ஆதாரில் 'பேச்சியம்மாள்', பாங்குப் புத்தகத்தில் வேறொன்று என்றிருந்தால், துக்கத்தோடு துக்கமாக மாதக்கணக்கில் அலைச்சலும் சேர்கிறது. மதராஸ் ரெஜிமெண்ட் வீரராயின் நீலகிரி வெல்லிங்டனிலுள்ள ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்தம் பெற வேண்டும். கணவர் உயிரோடிருக்கையில் ஒரு கடிதத்தில் முடியும் காரியம் இது! மேலும், வருஷத்துக்கு ஒரு முறை உயிர்ச்சான்று அளிக்கத் தவறினாலும் பென்ஷன் நின்றுவிடும். நடக்கமாட்டாத முதியோர்க்கு இதில் உதவி தேவை.

ஆதலின் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு வீரரும் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, விவாகச் சான்று, ஆதார், பாங்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, அவற்றை மனைவிக்குக் காட்டி விளக்குவாராக. பென்ஷன் உத்தரவில் மனைவியின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்ப்பாராக. ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிந்துகொள்வாராக. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அவ்வலுவலகங்கள் உள்ளன.

சங்கம் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. படித்த வாலிபர் இருவரை ஊருக்கு ஊர் நியமித்து, விதவைகளுக்கு மனு எழுதவும், அலுவலகத்துக்குத் துணைக்குச் செல்லவும் ஏற்பாடு செய்க. தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறும் அவலம் அதனால் ஒழியும். நம்மவர் வீடு, பிறர் வீடு என்ற பேதமும் இதில் வேண்டா. எல்லையில் அவர்கள் ஒரே பதுங்குகுழியில் காவலிருந்தவர்கள்.

டிசம்பர் 7-ம் தேதி படைவீரர் கொடிநாள். 1949 முதல் அனுஷ்டிக்கப்பெறும் அந்நாளில் கொடி வாங்கி நிதி அளித்தல் நன்று. அதற்குள் நம் ஊர்களிலுள்ள ஒவ்வொரு வீரர் வீட்டின் காகிதங்களும் சரிபார்க்கப்பெற்றன என்று இச்சங்கம் அறிவிக்குமாயின், அது அதனினும் நன்று.