மூச்சை எண்ணிப் பாருங்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் உங்கள் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. அதன்பின் நமக்கு அளிக்கப்பட்ட இந்தச் சில நிமிடங்களில் வேறொரு கணக்கைப் பற்றிப் பேச விழைகிறோம். அது நம் வீட்டுப் பச்சிளம் பிள்ளைகளின் மூச்சுக் கணக்கு.

மஃக்ரிப் தொழுகை முடிந்து நாம் வெளியே வரும்போது, பள்ளிவாசல் வாயிலில் தாய்மார்கள் கையில் குழந்தையுடனும் தண்ணீர்ப் பாட்டிலுடனும் காத்திருப்பது நீங்கள் அறிந்த காட்சியே. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அந்த வரிசை நீண்டுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்தது எட்டு மாதக் குழந்தை ஒன்று. "ஹஜ்ரத், மூன்று நாளாக இருமல், இன்று பாலே குடிக்கவில்லை" என்றார் தாய். "கண்ணேறுதான், ஓதி ஊதுங்கள்" என்றார் உடன் வந்த மூதாட்டி. நாமும் ஓதி ஊதி, தண்ணீரையும் ஓதிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

நள்ளிரவில் அக்குழந்தையின் உதடு நீலம் பூத்தது. ஆம்புலன்ஸ் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். நிமோனியா என்றார்கள். ஐந்து நாட்கள் ஆக்சிஜன் வைக்கப்பட்டது. அல்லாஹ்வின் அருளால் பிள்ளை பிழைத்தது. நலம் விசாரிக்கச் சென்றிருந்த நம்மிடம் மருத்துவர், "மாலையிலேயே சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்றார். அச்சொல் இன்றுவரை நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. நாம் குழந்தையின் முகத்தைப் பார்த்தோம்; நெஞ்சைப் பார்க்கவில்லை. துஆச் செய்தது குறையன்று. துஆவுடன் அனுப்ப வேண்டிய இடத்திற்கு அனுப்பாமல் விட்டதே குறை. அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

சளி வேறு, நிமோனியா வேறு

மூக்கொழுகல், இருமல், இலேசான காய்ச்சல் ஆகியவை பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருபவை. இவை தாமாகவே குணமாகும். இவற்றிற்கு ஆன்டிபயாடிக் மருந்து எவ்விதப் பயனும் தராது. ஆனால் தொற்று நுரையீரலுக்குள் இறங்கினால் அங்குள்ள சிறுசிறு காற்றறைகளில் நீரும் சீழும் நிரம்புகின்றன. அதுவே நிமோனியா. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 லட்சத்திற்கும் அதிகமான குழந்தைகளின் உயிரை இந்நோய் பறித்தது.

காற்றறைகள் அடைபட்டால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் காற்று குறைகிறது. அதை ஈடுசெய்யக் குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது. நுரையீரல் மேலும் இறுகினால், மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளின் கீழ்ப்பகுதி உட்குழிகிறது. 1980களில் பாப்புவா நியூ கினியாவில் பணியாற்றிய ஃப்ராங்க் ஷான் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இவ்விரு அடையாளங்களையே முதன்மையாக எடுத்துக்காட்டினார்கள். எக்ஸ்ரே கருவி இல்லாத கிராமத்திலும் கண்ணால் பார்த்தே நோயை ஊகிக்கலாம் என்பது அதனால் விளங்கியது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிமுறைகளும் இவற்றையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

எண்ணுவது எப்படி?

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை மேலே தூக்கிவிடுங்கள். விநாடி முள் உள்ள கடிகாரத்தையோ கைப்பேசியையோ வைத்துக்கொண்டு, வயிறும் மார்பும் எத்தனை முறை உயர்கின்றன என்று ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இராது.

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல்;
இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல்;
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

இந்த அளவை எட்டினால் அது வேகமான மூச்சு. அன்றைய தினமே குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாளை பார்க்கலாம் என்று இருத்தல் கூடாது.

பின்வருவனவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நேரம் காலம் பாராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்: மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உட்குழிதல், பாலோ தண்ணீரோ குடிக்க இயலாமை, உட்கொண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், அமைதியாக இருக்கும்போதும் மூச்சில் கரகரத்த ஒலி, நாக்கும் உதடும் நீலமாதல். 108 ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வேகமான மூச்சு, காய்ச்சல், உடல் சில்லிடுதல், பால் குடிப்பது குறைதல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் மருத்துவமனைதான். வீட்டு வைத்தியத்திற்கு அங்கு இடமில்லை.

மருந்தும் பராமரிப்பும்

பாக்டீரியாவால் வரும் நிமோனியாவிற்கு நல்ல மருந்து உண்டு. அமாக்சிசிலின் என்னும் எளிய, விலை குறைந்த மருந்தே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமானது. அதை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டும். இரண்டாம் நாளே பிள்ளை சிரித்து விளையாடுகிறது என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். மாறாக, மருந்து தொடங்கியும் நிலை மோசமானாலோ, இரண்டு நாட்களில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ மீண்டும் காட்டுங்கள்.

சாதாரணச் சளிதான் என்றால் தாய்ப்பாலை அடிக்கடி கொடுப்பதும், ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வெதுவெதுப்பான நீராகாரம் கொடுப்பதும், மூக்கைத் துடைத்துச் சுத்தமாக வைப்பதும் போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாவில் தடவவும் வேண்டாம். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் வீடுகளில் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சில பழக்கங்கள் தீங்காக முடிகின்றன. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி அதுவே ஒரு நிமோனியாவாகும். குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, விறகடுப்புப் புகை, வாப்பாமார்களின் பீடி, சிகரெட் புகை யாவும் அந்த மெல்லிய நுரையீரலைப் புண்படுத்துபவை. மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டு வாங்கிக் கொடுப்பதும் கூடாது. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள், டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு கலந்த இருமல் மருந்தால் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். அம்மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் எழுதித் தரவே கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரத்துறை அவ்வாண்டு அறிவுறுத்தியது.

வருமுன் காத்தல்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது முதற்காப்பு. அடுத்தது தடுப்பூசி. நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011ஆம் ஆண்டு இறுதியில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் முதலில் தொடங்கப்பெற்றது. நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2021 முதல் நம் மாநில அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது; ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணைகள். தனியார் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கில் செலவாகும் ஊசி அது. தட்டம்மைக்கான ஊசியையும் தவறவிடாதீர்கள். தட்டம்மையைத் தொடர்ந்து நிமோனியா வருவதுண்டு.

அன்பிற்குரியவர்களே! நாம் நமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். வாயிலில் குழந்தையுடன் நிற்கும் தாயிடம், ஓதுவதற்கு முன் "பால் குடிக்கிறதா?" என்று கேட்கிறோம். சட்டையை விலக்கச் சொல்கிறோம். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுகிறோம். ஐயம் எழுந்தால் ஓதிவிட்டு, "வீட்டிற்குப் போகாதீர்கள், இப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்" என்கிறோம். நிர்வாகிகளுக்கும் நமது வேண்டுகோள் ஒன்றுண்டு. இரவில் அழைத்தால் உடனே வண்டியெடுக்க முன்வரும் மஹல்லா இளைஞர்களின் தொலைபேசி எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். மேலே சொன்ன மூன்று எண்ணிக்கைகளையும் அதன் கீழே எழுதுங்கள்.

நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான். அதைத் தேடிச் செல்வது நம் கடமை. நம் பிள்ளைகள் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நிறைவான ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.