வங்கியும் வாடிக்கைக்காரரும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வங்கிச் சட்டம் பற்றிச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தீர்கள். நாம் இன்னும் பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவரே. எனினும் கற்ற சிறிதளவையேனும் எம்மவரோடு பகிர்ந்துகொள்வது கடன் என எண்ணி உங்கள்முன் நிற்கின்றோம். குற்றங் குறைகளைப் பெரியோர் பொறுத்தருள்க.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அயல்வீட்டு ஆச்சி ஒருவர் எம்மை அழைத்து, "பிள்ளை, நான் பாங்கிலை போட்ட காசு அங்கை அப்பிடியே கிடக்குமோ?" என்று கேட்டார். கேட்பதற்கு எளிய வினா. ஆனால் வங்கிச் சட்டத்தின் அத்திவாரமே இதற்கு அளிக்கும் விடையில் தங்கியுள்ளது.

ஆச்சி தம் காப்பை வங்கியில் அடைவு வைக்கிறார் என்று கொள்வோம். காப்பு அவருடையதே. முதலையும் வட்டியையும் கட்டி மீட்கும் நாளில் அதே காப்பையே வங்கி திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பணமோ அத்தகையதன்று. அவர் கட்டும் பத்தாயிரம் ரூபா காசாளரின் கையிற் சேர்ந்ததும் வங்கியின் பணமாகிவிடுகிறது. வங்கி அதனைப் பிறர்க்குக் கடன் கொடுக்கலாம், இலாபமும் ஈட்டலாம். ஆச்சியிடம் எஞ்சுவது அத்தொகையைத் திருப்பிக் கேட்கும் உரிமை மட்டுமே. அஃதாவது, ஆச்சி கடன்கொடுத்தவர், வங்கி கடன்பட்டவர். 1848ஆம் ஆண்டில் ஃபோலி எதிர் ஹில் என்னும் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இவ்வாறே தீர்ப்பளித்தது.

ஆங்கிலேயர் வழக்கு எமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். யாழ்ப்பாணத்தாரின் காணி பூமிக்குத் தேசவழமை உண்டு. வங்கித்தொழிலைப் பொறுத்தவரையிலோ ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றுமாறு குடியியற் சட்டக் கட்டளை விதித்தது. காசோலைகளுக்கு 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியற் கட்டளைச் சட்டமும், வங்கிகளின் நடத்தைக்கு 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டமும் எம் நாட்டில் உள்ளன.

கடன்பட்டவர் முறிந்தால் கடன்கொடுத்தவர் கதி என்ன? இதற்கு எம் நாட்டு வரலாறே சான்று. கோப்பிச் செடியை நோய் தின்ற பின்னர், 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் கதவடைத்தது. அவ்வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களுக்குத் தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை அளித்தார். அவ்வுத்தரவாதம் தாள்களுக்கே, வைப்பிலிட்டோர் வெறும் கடன்கொடுத்தோராய் நின்றனர். இக்காலத்தில் மத்திய வங்கியின் மேற்பார்வையும், 2010ஆம் ஆண்டில் ஆரம்பமான வைப்புக் காப்புறுதித் திட்டமும் உண்டு. ஆயினும் அக்காப்புறுதிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டென்பதை மறத்தலாகாது.

எனினும் வங்கி சாதாரணக் கடனாளி அன்று. 1921ஆம் ஆண்டின் ஜோக்கிம்சன் வழக்கில் நீதியரசர் அட்கின் இவ்வுறவின் கடமைகளைத் தொகுத்துரைத்தார். கணக்குள்ள கிளையில், வேலை நேரத்தில், வாடிக்கைக்காரர் எழுத்தில் இடும் கட்டளைப்படி வங்கி பணம் கொடுத்தல் வேண்டும். நியாயமான முன்னறிவித்தலின்றிக் கணக்கை மூடலாகாது. வாடிக்கைக்காரரும் தம் கட்டளையை எழுதும்போது கவனமாயிருத்தல் வேண்டும்.

இரகசியம் பேணலும் வங்கியின் கடமையே. டூர்னியர் என்பவர் வங்கிக்குப் பத்துப் பவுணுக்கும் குறைந்த தொகையே கொடுக்கவேண்டியிருந்தது. கிளை முகாமையாளர் அவர் வேலை செய்த இடத்துக்குத் தொலைபேசியிற் பேசி, கடனையும் அவர் பந்தயம் பிடிப்பவர் என்ற ஐயத்தையும் வெளியிட்டார். டூர்னியர் வேலையை இழந்தார். 1924ஆம் ஆண்டு வழக்கறிக்கையிற் பதிவான அத்தீர்ப்பு, நான்கு சந்தர்ப்பங்களிலன்றி வங்கி வாய் திறத்தலாகாது என்றது. சட்டம் கட்டாயப்படுத்தும்போது, பொதுநலன் வேண்டும்போது, வங்கி தன் நலனைக் காக்கவேண்டியபோது, வாடிக்கைக்காரர் சம்மதிக்கும்போது என்பனவே அந்நான்கு.

இனி எம் பக்கத்துக் கடமைக்கு வருவோம். கள்ளக் கையொப்பமிட்ட காசோலைக்கு வங்கி பணம் கொடுத்தால் நட்டம் பொதுவாக வங்கியையே சாரும். ஆனால் எம் கவலையீனம் இந்நிலையை மாற்றிவிடலாம். மக்மிலன், ஆதர் என்போரின் இலிகிதர் ஒருவர், இரண்டு பவுண் சில்லறைச் செலவுக்கென ஒரு காசோலையை நீட்டினார். சொல்லில் எழுதும் இடம் வெறுமையாயிருந்தது. இலக்கத்தின் இருபுறமும் இடைவெளி இருந்தது. அவசரத்தில் முதலாளி ஒப்பமிட்டார். இலிகிதர் அதனை நூற்றிருபது பவுணாக்கிப் பணத்தோடு மறைந்தார். 1918ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை நட்டத்தை ஒப்பமிட்டவர் தலையிலேயே சுமத்தியது.

மற்றொரு வழக்கு நெஞ்சை உருக்குவது. கிறீன்வூட் என்பவரின் மனைவி அவர் கையொப்பத்தைக் கள்ளமாக இட்டுப் பணம் எடுத்துவந்தாள். அறிந்தபின்னும் மனைவியின் மன்றாட்டத்துக்கு இரங்கிக் கணவர் மாதக்கணக்கில் மௌனஞ் சாதித்தார். ஈற்றில் வங்கிக்குச் சொல்லப்போவதாகக் கூறவே அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். பின்னர் அவர் வங்கிமீது தொடுத்த வழக்குத் தோற்றது. உரிய வேளையிற் சொல்லியிருந்தால் வங்கி தன் பரிகாரத்தைத் தேடியிருக்கும். அவர் மௌனமே அவ்வழியை அடைத்தது.

சபையோரே, இவை இங்கிலாந்துக் கதைகள் மட்டுமல்ல. எம்மூரில் வெறுங் காசோலைகளில் ஒப்பமிட்டுக் கடைப் பொறுப்பாளரிடம் விட்டுச் செல்லும் முதலாளிமார் இல்லையா? பண அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் ஒரே உறையிலிட்டு அயலானிடம் கொடுத்தனுப்பும் முதியோர் இல்லையா? நம்பிக்கை நல்ல குணமே. ஆனால் ஒருவரை நம்புவதற்காக வெற்றிடத்தில் ஒப்பமிடவேண்டியதில்லை. வீட்டுக்குள் நடந்த தவறு வெளியே தெரிந்தால் வெட்கம் என்று மறைப்பதும் மானத்தைக் காப்பதாகாது. அது நட்டத்தைப் பெருக்கும்.

ஆகவே இளைஞர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வங்கியிலிருந்து வரும் கணக்குக் கூற்றை வீட்டுப் பெரியோருக்கு மாதந்தோறும் வாசித்துக் காட்டுவோம். ஐயம் எழுந்தால் அன்றே வங்கிக்கு எழுத்தில் அறிவிக்க உதவுவோம்.

ஆச்சிக்கு நாம் கூறிய விடை இதுதான்: "காசு அப்பிடியே கிடவாது ஆச்சி. ஆனால் நீங்கள் கேட்கிறபோது தரவேண்டிய கடன் அவையளுக்கு. உங்கடை கையெழுத்தைக் கவனமாய்ப் பாருங்கோ." ஆச்சி சற்று யோசித்துவிட்டு, "அப்ப பாங்குக்காரர்தான் எனக்குக் கடன்காரரோ?" என்று சிரித்தார். சட்டத்தை அவர் சரியாகவே விளங்கிக்கொண்டார்.